தகடூர் நாவலுக்கு ஐந்து லட்சம்: யாரிடம் கேட்பது?

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நான்கு வருடங்களாக இரவில் உட்கார்ந்து ஒரு ஃபேன்டசி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். பழைய தகடூர் நாட்டில், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தில், நடக்கிற கதை. நடுகல்லில் (செத்த வீரனுக்கு நடும் கல்) நிற்கும் வீரர்கள் எழுந்து வருகிறார்கள். 720 பக்கம், மூன்று பாகங்களில் இது முதல் பாகம். ஒரு பதிப்பகம் பதிலே போடவில்லை. இன்னொன்று ஒன்றரை லட்சம் கட்டச் சொன்னது. அமெரிக்காவில் ஒரு எழுத்தாளர் கிரவுட்ஃபண்டிங்கில், அதாவது இணையத்தில் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, கோடிக்கணக்கான டாலர் திரட்டினார் என்று படித்தேன். நானும் 5 லட்சம் திரட்டி, கெட்டி அட்டை, வண்ண வரைபடம், டிரெய்லர் வீடியோ என்று நன்றாகக் கொண்டுவர நினைக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் தன் பெயரில் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் கணக்கு தொடங்கித் தருகிறேன் என்கிறான். பணம் தருகிறவர்களின் பெயரை ஒரு நடுகல் படத்தில் பொறித்துப் புத்தகத்தில் போடலாம் என்றும் யோசனை. வீட்டுக்காரர், "யாரிடமும் கேட்க வேண்டாம், நகையை வைத்துக்கொள்ளலாம்" என்கிறார். அம்மா, "ஊர்ல போய் கை நீட்டுவியா?" என்கிறார். என் பெயர் யாருக்கும் தெரியாது. எந்தத் தளத்தில் போவது, எப்படிக் கேட்பது? முதல் மூன்று அத்தியாயங்களையும் அறிவிப்பு வரைவையும் இணைத்திருக்கிறேன். வெளியே காட்டினால் கதையைத் திருடிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, போச்சம்பள்ளி

பதில்: வணக்கம் சகோதரி.

நகையை வைக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்து முடிப்பதற்குள் வீட்டுக்காரர் அடகுக் கடைக்குக் கிளம்பிவிடக் கூடாது. முதல் நாவலில் போட்ட பணம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வட்டி மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். ஒன்றரை லட்சம் கேட்டவர்கள் விஷயத்திலும் நீங்கள் ஒதுங்கியது சரிதான். எழுதியவரிடமே பணம் வாங்கி அச்சடித்துக் கொடுப்பது ஒரு தொழில், அதில் குற்றமில்லை. ஆனால் எத்தனை பிரதி, என்ன தாள், விற்காத பிரதி யாருடையது, உரிமை யாரிடம் இருக்கும் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

எந்தத் தளம் என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. 5 லட்சம் வேண்டும், ஆளுக்கு 500 ரூபாய் தருவார்கள் என்று வைத்தால் 1,000 பேர் வேண்டும். ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் எழுதியதில் பத்துப் பக்கமாவது படித்த, இரத்த உறவு இல்லாத ஆட்களின் பெயரை எழுதிப் பாருங்கள். இருபது பெயருக்கு மேல் போகாது என்று உங்கள் கடிதத்தை வைத்து நினைக்கிறேன். இன்றைய தேதிக்கு உங்களால் திரட்ட முடிந்த நிதி அந்த இருபது பெயர்தான். மொய் மாதிரிதான் இதுவும். பத்து வீட்டு விசேஷத்துக்கு நாம் போயிருந்தால்தான் நம் வீட்டு விசேஷத்தில் மொய் நோட்டு நிரம்பும். பத்திரிகை எவ்வளவு பளபளப்பாக அடித்தாலும் முகம் தெரியாதவர் வந்து மொய் எழுத மாட்டார். தளம் என்பது அந்தப் பத்திரிகை மட்டும்தான்.

நீங்கள் படித்த அமெரிக்கச் செய்தி உண்மைதான். பிராண்டன் சாண்டர்சன் 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டரில் நான்கு நாவல்களுக்காக 4 கோடியே 17 லட்சம் டாலர் திரட்டினார். சுமார் 1 லட்சத்து 85 ஆயிரம் பேர் பணம் கொடுத்தார்கள். ஆனால் அவருடைய முதல் நாவல் வந்தது 2005இல். அந்த 17 வருடமும் அவர் வாசகரைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். செய்தியில் பலர் கவனிக்காத இன்னொன்று: பணம் கேட்கும்போதே அந்த நான்கு நாவல்களையும் எழுதி முடித்து வைத்திருந்தார். "எழுதப் போகிறேன், காசு கொடுங்கள்" என்று கேட்கவில்லை. நாவலை முடித்தபிறகுதான் நீங்களும் வருகிறீர்கள். அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் அவர் கட்சி. மற்றதில் அவரோடு ஒப்பிட்டுக்கொண்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

இப்போது தளங்கள். கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவில் இருந்துகொண்டு பணம் கொடுக்கலாம், திட்டம் தொடங்க முடியாது. தொடங்க அனுமதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர் இருக்கிறது. அதனால்தான் சித்தப்பா மகனுக்கு அந்த யோசனை வந்திருக்கும். ஆனால் அவர் பெயரில் தொடங்கினால் சட்டப்படி திட்டம் அவருடையது. பணம் அவர் வங்கிக்குப் போகும், வருமானக் கணக்கும் வாக்குறுதியும் அவர் தலையில் விழும், புத்தகம் தாமதமானால் திட்டும் அவருக்கு. நல்ல பிள்ளை, விட்டுவிடுங்கள். அவரை அங்கே இருபது தமிழ் வாசகர்களைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், அது பெரிய உதவி.

நம் நாட்டுத் தளங்களான கெட்டோ, மிலாப் போன்றவற்றில் பெரும்பாலும் மருத்துவச் செலவுக்குத்தான் நிதி கேட்கிறார்கள். ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்குப் பக்கத்தில் உங்கள் வண்ண வரைபடம் வந்து நின்றால் பார்க்கிறவர் எதை நினைப்பார்? உங்களுக்கே கூசும். இங்கிலாந்தில் அன்பவுண்ட் என்றொரு பதிப்பகம் வாசகர் முன்பணத்தில் புத்தகம் போட்டுப் பெயர் வாங்கியது. அது 2025இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. எழுத்தாளர்களுக்கும் பணம் வரவில்லை, முன்பணம் கட்டியவர்கள் பலருக்கும் புத்தகம் வரவில்லை. நடுவில் ஒரு பெரிய நிறுவனம் இருந்துவிட்டால் பணம் பத்திரம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். உங்கள் அளவுக்கு ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு யுபிஐ எண், ஒரு வாட்ஸப் குழு போதும்.

அம்மா சொன்னதற்கு வருகிறேன், அது லேசான விஷயமில்லை. கை நீட்டுவது என்று அவர் நினைப்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் ரொம்ப காலமாகச் செய்துவருகிறது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சில் கொண்டுவந்தாரே, அதற்கு அவர் ஊர் ஊராகக் கையொப்பம் வாங்கினார். கையொப்பம் என்றால், புத்தகம் வந்ததும் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதித் தருவது. அப்போது அவர் கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியர். பதிப்பாசிரியராக அவர் பெயரும் ஊருக்கு இன்னும் தெரியாது. அந்த வழக்கம்தான் இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்ற பெயரில் நம் பதிப்பகங்களில் இருக்கிறது. நீங்களும் அந்தப் பெயரையே வையுங்கள். கிரவுட்ஃபண்டிங் என்று சொன்னால் அம்மா மட்டுமில்லை, ஊரே நன்கொடை என்றுதான் எடுத்துக்கொள்ளும். "முன்பதிவு செய்தால் 350, வெளியான பிறகு 450" என்று சொன்னால் அது வியாபாரம். அதில் தலைகுனிய எதுவுமில்லை.

பாரதியும் கேட்டார். 1920இல் கடையத்தில் இருந்தபோது, தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடப் போவதாகவும், ஆரம்பச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும் என்றும் நண்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். கேட்டது கடனாக, வட்டியோடு. பணம் சேரவில்லை, திட்டம் நடக்கவில்லை. மறுவருடம் அவர் காலமானார். அவர் எழுத்தின் தரத்தைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை. கேட்ட அளவைப் பாருங்கள்: நான்கு லட்சம் பிரதிகள். அந்தக் காலத்துத் தமிழ் வாசகர் கூட்டத்துக்கு அது எட்டாத உயரம். சாமிநாதையர் கேட்டது ஒரு புத்தகத்துக்கு, அந்தப் புத்தகத்தை விரும்பக்கூடிய ஆளிடம்.

ஆகவே அளவைக் குறைப்போம். உங்கள் 720 பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். வருத்தப்பட வேண்டாம், பெயர் தெரியாதவருடைய 720 பக்கத்தைக் கையில் எடுக்கும்போதே வாசகருக்கு மணிக்கட்டு வலிக்கும். இதை எடை போட்டே காட்டுகிறேன். டெம்மி அளவில் (நாவல்கள் வழக்கமாக வரும் அளவு), 70 ஜிஎஸ்எம் தாளில் (ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம்) 720 பக்கம் என்றால் அட்டையோடு முக்கால் கிலோவைத் தாண்டும். 352 பக்கம் என்றால் 400 கிராமுக்குள் அடங்கும். 352 ஏன் என்றால், ஒரே தாளில் சேர்த்து அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதிக்குப் பாரம் என்று பெயர், 16 பக்கப் பாரமாக 22 பாரம் சரியாக வரும். 355 என்று போய் நின்றால் மூன்று பக்கத்துக்காக ஒரு பாரம் வீணாகும். அச்சகத்தில் கொடுக்கும் முன் அத்தியாய இடைவெளி, நன்றியுரை எல்லாவற்றையும் இதற்கேற்ப இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். பக்க வடிவமைப்பாளருக்கு இது தினப்படி வேலை.

இனி பணம். அச்சகம் ஒரு பிரதிக்கு 150 ரூபாய் சொன்னதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேறு விலை கிடைக்கலாம், அதைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 250 பிரதிக்கு 37,500. மெய்ப்பு (பிழை திருத்துவது), பக்க வடிவமைப்பு, அட்டைப் படம் மூன்றுக்கும் சேர்த்து 20,000. முன்பதிவு 200 என்றால் உறை, அட்டைப்பெட்டி, தபால் ஆளுக்கு 60 வீதம் 12,000. மொத்தம் 69,500. 200 பேர் தபால் செலவு உட்பட 350 கட்டினால் 70,000. உங்களுக்கு மிச்சம் 500 ரூபாய், அப்புறம் கையில் 50 பிரதி. லாபம் என்று ஒன்று வந்தால் அந்த ஐம்பதில்தான். நாலு வருட உழைப்புக்கு இதுவா என்று தோன்றும். ஆனால் நகை பெட்டியில் இருக்கும், கடன் இருக்காது, 200 வீட்டில் உங்கள் புத்தகம் இருக்கும். இரண்டாம் பாகத்துக்குக் கேட்கும்போது நோட்டில் 200 பெயரோடு உட்காருவீர்கள்.

கெட்டி அட்டை வேண்டாம். டிரெய்லர் வேண்டவே வேண்டாம். நாவல் வாசகர் டிரெய்லர் பார்த்து வாங்குவதில்லை, அந்தப் பணத்தை மெய்ப்புக்குக் கொடுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களில் ஒற்று மிகும் இடத்தில் விட்டிருக்கிறீர்கள், விடும் இடத்தில் போட்டிருக்கிறீர்கள். கதை ஓட்டத்தில் நான் தாண்டிப் போய்விட்டேன், முன்பணம் கட்டியவர் தாண்ட மாட்டார். வரைபடம் கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கம் போதும். தீர்த்தமலையும் தென்பெண்ணையும் ஒகேனக்கலும் எங்கே இருக்கின்றன என்று கோடு போட்டுக் காட்டினாலே நம் ஊர் வாசகர் அதில் தன் ஊரைத் தேட ஆரம்பிப்பார்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. உங்கள் அறிவிப்பு வரைவை இப்படித் தொடங்குகிறீர்கள்: "தமிழில் இதுவரை யாரும் முயலாத பிரம்மாண்ட ஃபேன்டசி உலகம்! மாயமும் வீரமும் காதலும் கலந்த மாபெரும் காவியம்!" இதைப் படித்தவுடன் எனக்குக் கொட்டாவி வந்தது. யாரும் முயலாதது என்பதும் சரியில்லை, விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு இடம் இருக்கிறது. அதை எடுத்து இப்படி வைத்துப் பார்த்தேன்:

"கொள்ளை போன மாடுகளை மீட்கப் போனவன் திரும்பவில்லை. ஊர் அவனுக்குக் கல் நட்டது. பிறகு அவன் பெயரை மறந்து வேடியப்பன் என்று கும்பிட்டது. ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து, பொங்கல் வைக்க வந்த பெண்ணிடம் அந்தக் கல் கேட்டது: மாடு வீடு வந்து சேர்ந்ததா?"

இதற்குக் கீழே ஒரே வரி: "நாவல் எழுதி முடிந்தது. 200 பேர் முன்பதிவு செய்தால் அச்சுக்குப் போகும்." அவ்வளவுதான். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து இந்த இடம்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேடியப்பன் கோயில் தெரியாதவர் யார்? ஆனால் உள்ளே நிற்பது நடுகல் என்பதும், அதில் வட்டெழுத்தில் ஒரு மனிதன் செத்த கதை இருக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. டிராகனும் மந்திரக்கோலும் எழுதும் ஆளுக்குச் சென்னையில் நூறு போட்டி. தருமபுரி அருங்காட்சியகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்துவிட்டுக் கதை எழுதிய ஆளுக்கு அவ்வளவு போட்டி கிடையாது. தகடூர், அதியமான் என்று ஆரம்பித்தாலே இங்கே தமிழாசிரியர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் முதல் 200 பேர் ஓசூர் உட்பட இந்த இரண்டு மாவட்டத்திலும் பெங்களூரிலும்தான் இருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

அதே காரணத்துக்காக, முன்பதிவு செய்பவர் பெயரை நடுகல்லில் பொறிக்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். செத்தவனுக்கு நடுவது நடுகல். உயிரோடு இருக்கிறவர் பெயரை அதில் போட்டு, காசும் வாங்கி, வீட்டுக்கே தபாலில் அனுப்பினால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? எனக்கு நினைத்து நினைத்துச் சிரிப்பு. பழைய பதிப்புகளில் கையொப்பக்காரர்கள் பெயரை வரிசையாக அச்சிடுவார்கள். அதுபோலக் கடைசிப் பக்கத்தில் ஊர்ப் பெயரோடு போடுங்கள். "இன்னார், பாலக்கோடு" என்று அச்சில் பார்ப்பதே பெரிய சந்தோஷம். சாவிக்கொத்து, டி-ஷர்ட், கோப்பை எதையும் பரிசாக அறிவிக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனி ஆர்டர், தனி எடை, தனிப் புகார்.

திருட்டுப் பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, அதற்குப் பதிவு கட்டாயமில்லை என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டம். மனசு கேட்கவில்லை என்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்யலாம். "நடுகல் எழுந்து வருகிறது" என்ற கருத்துக்கு மட்டும் எந்தச் சட்டமும் காவல் நிற்காது, நீங்கள் எழுதிய எழுத்துக்குத்தான். உண்மையைச் சொன்னால், பெயர் தெரியாத எழுத்தாளரின் பிரச்சினை திருடர்கள் அல்ல. திருடக்கூட ஆள் எட்டிப் பார்க்காததுதான் பிரச்சினை. காட்டுங்கள். தாராளமாகக் காட்டுங்கள்.

எப்படிக் காட்டுவது? தொடர்கதையாக. பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் வாரம் ஒரு அத்தியாயம் போடலாம். தமிழில் தொடர் படிக்க அங்கே கூட்டம் இருக்கிறது. அத்தியாய முடிவில், "அடுத்தது வாட்ஸப்பில் வேண்டுமென்றால் இந்த எண்ணுக்கு 'மாடு' என்று அனுப்புங்கள்" என்று போடுங்கள். தளத்தில் இருக்கும் வாசகர் அந்தத் தளத்துக்குச் சொந்தம், எண் அனுப்பியவர் உங்களுக்குச் சொந்தம். முதல் பாதியில் மூன்றில் ஒரு பங்கை இலவசமாகக் கொடுத்துவிட்டு, கதை சூடாக இருக்கும் இடத்தில் நிறுத்தி, அப்போது முன்பதிவைத் திறங்கள். இடையில் உறவுக்காரர் அல்லாத ஐந்தாறு பேரிடம் முழுப் பிரதியையும் கொடுத்து, எந்தப் பக்கத்தில் தூக்கம் வந்தது என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

மாம்பழ சீசனில் இதை எல்லாம் தொடங்காதீர்கள். மே முதல் ஜூலை வரை தோத்தாபுரி லோடு வந்து நிற்கும்போது கணக்குப் பிரிவு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முன்பதிவு நடக்கும் முப்பது நாளும் தினமும் இரவு ஒரு மணி நேரம் பதில் எழுத வேண்டியிருக்கும். ஆகஸ்டில் தொடரைத் தொடங்கி, பொங்கல் கழிந்து முன்பதிவைத் திறப்பது உங்கள் வேலைக்கு ஒத்துவரும். டிசம்பர், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை வைத்து எல்லாப் பதிப்பகமும் கூவிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் உங்கள் குரல் கேட்காது.

பணம் வாங்கும் முறையில் ரொம்பக் கறாராக இருங்கள், இதுதான் உங்கள் தொழில் என்பதால் எனக்குக் கவலை குறைவு. தனி வங்கிக் கணக்கு திறங்கள், வீட்டுச் செலவு யுபிஐயோடு கலக்க வேண்டாம். கிக்ஸ்டார்ட்டரிடம் ஒரு நல்ல விதி இருக்கிறது: இலக்கை எட்டாவிட்டால் ஒருவரிடமும் பணம் எடுப்பதில்லை. அந்த விதியை மட்டும் கடன் வாங்குங்கள். "இந்தத் தேதிக்குள் 200 சேராவிட்டால் ஏழு நாளில் முழுப் பணமும் திரும்பும்" என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூட அந்தக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஞாயிறுதோறும் குழுவில் போடுங்கள். இந்தப் பணம் உங்கள் வருமானக் கணக்கில் வரும், செலவு பில்லை எல்லாம் எடுத்து வையுங்கள்.

யாராவது, "350 எல்லாம் எதுக்கும்மா, 50,000 தரேன், லாபத்துல பங்கு கொடு" என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். புத்தகத்துக்கு முன்விலை வாங்குவது ஒன்று, லாபமோ வட்டியோ தருவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் வாங்குவது வேறு. இரண்டாவது, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்கம் கொண்டுபோய் விடும். அதேபோல வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் நன்கொடை என்ற பெயரில் எதுவும் வாங்க வேண்டாம், புத்தக விலையாகவே வாங்குங்கள்.

அச்சுக்குப் போகும் கட்டத்தில் சின்னச் சின்ன வேலைகள். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது, தனி எழுத்தாளரும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை முன்பதிவு தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். பதிப்பாளர் நீங்களே என்பதால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். அந்த ஐம்பதில் நான்கை இதற்கு ஒதுக்குங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் அச்சகம் தரும் பில்லில் இருக்கும். ஆகவே விலை கேட்கும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தபாலில் கொஞ்சம் கவனம். புத்தகங்களுக்கென்று இருந்த பழைய சலுகைப் பதிவுத் தபால் 2024 டிசம்பரோடு நின்றது. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள், 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கானது அது. உங்கள் நாவலின் மாதிரிப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி தலைமை அஞ்சலகத்துக்குப் போய், அதை இதில் எடுப்பார்களா என்று முன்பதிவு விலையை அறிவிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எடுத்தால் உங்கள் 60 ரூபாய்க் கணக்கில் கொஞ்சம் மிச்சமாகும்.

மீதி நாற்பத்தாறு பிரதியை இணையத்தில் விற்க அலைய வேண்டாம். தருமபுரி, ஓசூர், கிருஷ்ணகிரி புத்தகத் திருவிழாக்களில் தனி அரங்கு எடுப்பது உங்களுக்குக் கட்டாது. ஏற்கெனவே அரங்கு எடுக்கும் ஒரு கடைக்காரரிடம் கழிவுக்கு, அதாவது விற்ற விலையில் அவருக்கு ஒரு பங்கு என்று பேசி, கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு கழிவு கேட்டால் பேரம் பேசிக்கொண்டிருக்காமல் கொடுத்துவிடலாம். ஒரு மாலையாவது அந்த மேசைக்குப் பக்கத்தில் நீங்களே நில்லுங்கள், எதைப் பார்த்து எடுக்கிறார்கள், எந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்பது தெரியும். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் சந்தோஷம், ஆனால் அதை வரவில் எழுதி வைக்காதீர்கள்.

இப்போதைக்கு இரண்டு அச்சகங்களில் 352 பக்கம், டெம்மி, 70 ஜிஎஸ்எம், 250 பிரதி என்று எழுதிக் கொடுத்து விலை கேளுங்கள். முதல் பாதி எந்த இடத்தில் முடியலாம் என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்தபின் அந்த அத்தியாயத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.